பச்சைத் தண்ணீர் போன வழி

"படிக்கிறதுக்கும் சம்பளம் குடுப்பாங்களா?"

கிண்ணியாவில் பரீதாவிடம் இந்தக் கேள்வியைக் கேட்காத பெண்கள் குறைவு.

கொடுத்தார்கள். அவளுடைய மகள் ஸல்ஹா மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கிறாள். படிப்புக்கு நடுவில் சில மாதம் ஒரு கம்பனியில் பயிற்சி. மாதம் பிறந்தால் அதற்கும் கையில் காசு. இதைச் சொல்லும்போது மட்டும் பரீதா குரலைத் தாழ்த்திக்கொள்வாள். பெருமை பாதி, கண்ணூறுப் பயம் பாதி.

குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிக்கிற தண்ணீர் எங்கே போய்ச் சேருகிறது, ஒரு கடல் எவ்வளவு அழுக்கைத் தாங்கும் என்று ஆராயும் பாடம் அவளுடையது. சுற்றாடல் பொறியியல் என்று அதற்குப் புதிதாகப் பெயர் வைத்திருந்தார்கள். சொந்தக்காரர்களுக்கு அந்தப் பெயர் வாயில் நிற்கவில்லை. "அபூதாஹிர்ட மகள் சாக்கடைக் கானுக்குப் படிக்குது" என்று சொல்லிச் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பெல்லாம் போன மாதத்தோடு நின்றது. பயிற்சிக்குச் சேர்ந்த கொழும்புக் கம்பனி அவளைச் சொந்த ஊருக்கே அனுப்பிவிட்டது. முனாப் ஹாஜியார் கிண்ணியாக் கரையில் இறால் பதப்படுத்தும் தொழிற்சாலை கட்டப் போகிறார். அதன் கழிவுத் தண்ணீரைக் கடலுக்குள் விடும் குழாய் எந்த இடத்தில் முடிய வேண்டும் என்று பார்த்துச் சொல்வதுதான் கம்பனியின் வேலை.

அந்தத் தொழிற்சாலையில் மேற்பார்வை வேலை ஸல்ஹாவின் அண்ணன் பாயிஸுக்கு என்று ஹாஜியார் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வாக்கை நம்பித்தான் பாயிஸ் கட்டிக்கொள்ள இருந்த லைலாவின் வாப்பா கல்யாணத்துக்குத் தலையாட்டினார். பாயிஸின் வாழ்க்கை முழுவதும் இப்போது ஒரு குழாயின் நுனியில் நின்றது.

விடிந்ததும் அவன் குசினிக்குள் வந்தான். தங்கச்சிக்கு எதிரே பலகையில் குந்தினான்.

"இண்டைக்குத்தானே தண்ணி போற வழி பாக்கச் சாயத் தூள் போடுறீங்க?"

"ஓம் நானா."

"எத்தின தரம்?"

"தண்ணி கடலுக்கு இறங்கிற நேரம் ஒருக்கா. திரும்பி ஏறுற நேரம் ஒருக்கா."

பாயிஸ் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"இறங்கிற நேரம் மட்டும் பாத்தாப் போதாதா?"

ஸல்ஹா நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒங்கட இஞ்சினியருக்கு இண்டைக்குப் பின்னேரம் கொழும்பு ரயிலப் பிடிக்கணுமாம். லோஞ்சும் பகல் வரைக்கும்தான் பேசியிரிக்கு. நீ வாய் தொறக்காட்டி ரெண்டாந்தரம் ஒண்டு நடக்காது. நான் ஒன்னப் பொய் சொல்லச் சொல்லல்ல. சும்மா இரி எண்டுதான் சொல்றன். ரெண்டும் ஒண்டா?"

அவள் தூள் தகரங்களைப் பைக்குள் அடுக்கினாள்.

"ஒனக்குப் படிக்கவும் காசு தாறாங்க ஸல்ஹா. எனக்கு வேல செய்யவும் இடம் கெடைக்கல்ல."

அடுப்படியில் நின்ற உம்மாவின் கை அகப்பையோடு அப்படியே நின்றது. வெளியே போகப் புறப்பட்ட அபூதாஹிர் வாசலில் நின்று சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்தது.

"நேரமாகுது மகள்" என்று மட்டும் சொன்னார்.

*

அபூதாஹிர் திருகோணமலைக்கும் மூதூருக்கும் இடையில் லோஞ்ச் என்கிற இயந்திரப் படகு ஓட்டுகிறவர். அன்றைக்கு அவருடைய முதலாளி ஒரு லோஞ்சைக் கம்பனிக்கு வாடகைக்கு விட்டிருந்தார். ஓட்டுவதற்கும் அவரையே அனுப்பினார்.

சுக்கானைப் பிடித்தபடி அவர் மகளை "மிஸ்" என்றார்.

"மிஸ், பைய இஞ்சால வைங்க. நனையும்."

ஸல்ஹாவுக்கு முகம் சிவந்தது. "வாப்பா, என்ன இது?" என்று மெல்லக் கேட்டாள்.

"வேலைக்கு வந்த இடம். நாலு பேருக்கு முன்னால மகள் எண்டு கூப்பிட ஏலுமா?"

கம்பனி இஞ்சினியர் யேசுரட்ணம் திருகோணமலைப் பாலையூற்றில் பிறந்து கொழும்பில் வேரூன்றியவர். நல்ல மனிதர், ஆனால் எப்போதும் அவசரம். துறைமுக வாயைக் கடக்கும்போது எஞ்சினை நிறுத்தச் சொன்னார். ஆழம் பார்க்க வேண்டும். கம்பனி ஆட்கள் இரண்டு பேர் ஈயக் குண்டு கட்டிய கயிற்றைக் கடலுக்குள் விட்டார்கள்.

கயிறு போனது. போய்க்கொண்டே இருந்தது. சுருள் முழுவதும் அவிழ்ந்து, கடைசி முடிச்சும் கையில் வந்து நின்றது. குண்டு தரையைத் தொடவில்லை.

"இழுங்கோ, இழுங்கோ. இந்த இடத்தில இந்தக் கயிறு காணாது" என்றார் யேசுரட்ணம்.

அபூதாஹிர் சுக்கானை விட்டுவிட்டு விளிம்புக்கு வந்தார்.

"காணாதெண்டா? கீழ தரை இல்லையா?"

"இரிக்கு வாப்பா. ஒரு பள்ளத்தாக்கு. மலநாட்டில இரிக்கிற மாதிரி. குடாவுக்குள்ள தொடங்கி வெளிக்கடலுக்கு இறங்கிப் போகுது. கோணமலைப் பாறையத் தூக்கி உள்ளுக்க போட்டாலும் உச்சி வெளிய தெரியாது."

"நீ கண்டியா?"

"கண்ணால காணல்ல. கப்பல்ல இருந்து சத்தத்த அனுப்பி, அது தரையில பட்டுத் திரும்பி வாற நேரத்த வெச்சு அளந்திரிக்காங்க. அத வெச்சுக் கீறின கடல்படம் எங்கட வகுப்பில தொங்குது. மொத மொதல் பாத்த அண்டைக்கு நான் சோறு தின்னல்ல."

அபூதாஹிர் குனிந்து பார்த்தார். தண்ணீர் எந்த நாளும் போல நீலமாய் இருந்தது. வாலிபத்திலிருந்து இதற்கு மேலால்தான் போய் வருகிறார். கல்யாணப் பெண்களையும், பிரசவக்காரிகளையும், மூதூர்ச் சந்தைக்குப் போகிற ஆடுகளையும், ஒரு முறை இறந்துபோன தன் சொந்த வாப்பாவின் மையித்தையும் இதற்கு மேலால்தான் ஏற்றிப் போயிருக்கிறார். காலுக்குக் கீழே ஒரு மலைநாடு தலைகீழாய்க் கிடந்ததை அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை.

"சுபுஹானல்லாஹ்" என்றார்.  திரும்பி வந்து எஞ்சினைக் கிளப்பியபோது, ஏனோ வழக்கத்தை விட மெதுவாக ஓட்டினார்.

*

கிண்ணியாக் கரைக்கு எதிரே, குழாய் முடிய வேண்டும் என்று ஹாஜியார் காட்டியிருந்த இடத்தில் லோஞ்ச் நின்றது. கடல் வற்றுகிற நேரம், தண்ணீர் வெளிக்கடலுக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

ஸல்ஹா ஒரு தகரத்தைத் திறந்தாள். செங்கல் நிறத்தில் தூள். வாளித் தண்ணீரில் கலக்கி, விளிம்பால் மெல்லச் சரித்தாள்.

சிவப்பாய் விழுந்தது, கடலைத் தொட்டதும் பச்சையானது. இளம் வாழைக்குருத்தின் பச்சை. உள்ளிருந்து விளக்கேற்றியது போல வெயிலில் எரிந்தது. முதலில் ஒரு பாய் அகலம். பிறகு நீண்டது, வளைந்தது, ஒரு நாடாவாகிப் புறப்பட்டது.



கடல் என்றால் ஒரே தண்ணீர் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அதற்குள் ஒரு தண்ணீர் இன்னொரு தண்ணீரை விலக்கிக்கொண்டு தனக்கென்று ஒரு திசையில் போகிறது. அதை இப்போது கண்ணால் பார்க்க முடிந்தது. பச்சை நாடா கரையை விட்டு விலகி, கொட்டியாரக் குடாவின் நடுவுக்குப் போய், அகன்று, வெளிறி, நீலத்தோடு நீலமானது.

"அருமை" என்று கையைத் தட்டினார் யேசுரட்ணம். "நேரா வெளிக்கடலுக்குப் போகுது. ஹாஜியார் காட்டின இடம் நல்ல இடந்தான். பிள்ளை, சாமான்களைக் கட்டுங்கோ."

இன்னொரு தகரம் திறக்கப்படாமல் ஸல்ஹாவின் மடியில் இருந்தது.

அவள் வாய் திறக்கவில்லை. நானா சொன்னது சரிதான். இஞ்சினியரே போதும் என்று சொல்லிவிட்டார். பயிற்சிக்கு வந்த மாணவி அதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்? பேசாமல் இருந்தால் பாயிஸுக்கு வேலை. லைலா வீட்டுக்கு வருவாள். உம்மா நிம்மதியாகத் தூங்குவாள். ஒருவரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை.

ஆட்கள் கயிறுகளைச் சுருட்டினார்கள். யேசுரட்ணம் சுருட்டைப் பற்றவைத்தார். ஸல்ஹா தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு தேங்காய்ப் பொச்சுமட்டை மிதந்துபோனது. இவ்வளவு நேரமும் எல்லாம் போன திசையில்தான் அதுவும் வெளியே போய்க்கொண்டிருந்தது. போகப் போக மெதுவானது. நின்றது. ஒரு தள்ளாட்டம். பிறகு, ஒருவரும் தொடாமல், ஒரு காற்றும் அடிக்காமல், முழுக் குடாவும் மூச்சை விட்டு முடித்து உள்ளே இழுக்கத் தொடங்கியது போல, அது கரையைப் பார்த்துத் திரும்பி வந்தது.

ஸல்ஹாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இதைப் புத்தகத்தில் படித்திருக்கிறாள், பரீட்சையில் எழுதிப் புள்ளியும் வாங்கியிருக்கிறாள். கண்ணுக்கு முன்னால் ஒரு கடல் திரும்புவதை இன்றைக்குத்தான் கண்டாள். கண்ட பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை.

"சேர்."

"என்ன பிள்ளை?"

"தண்ணி திரும்புது. மற்றத் தகரத்தையும் போடவேணும். போடாட்டி நாங்க பாத்தது அரைவாசிதான்."

யேசுரட்ணம் மணிக்கூட்டைப் பார்த்தார். "லோஞ்ச் பகல் வரைக்கும்தானே?"

"ஓம் சேர். ஆனா தொழிற்சாலை பகல் வரைக்கும் மட்டும் ஓடாதே."

அவர் அவளைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தார். சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். பிறகு அபூதாஹிரிடம் திரும்பினார். "நீங்கள் என்ன சொல்றீங்கள்? நிக்க ஏலுமோ?"

அபூதாஹிருக்கு இந்தக் கேள்வி லோஞ்சைப் பற்றியது மட்டும் அல்ல. 'ஏலாது, முதலாளி ஏசுவார்' என்று ஒரு சொல் சொன்னால் போதும். மகள் மீதும் குற்றமில்லை, மகன் வாழ்க்கையும் தப்பும். அவர் ஸல்ஹாவின் முகத்தைப் பார்த்தார். காலையில் தான் அந்த ஆழத்தைக் குனிந்து பார்த்த அதே பார்வை அங்கே இருந்தது.

"எண்ணெய் இரிக்கு ஐயா. முதலாளிக்கு நான் சொல்லிக்கொள்றன்" என்றார். "மிஸ் சொல்ற மாதிரிச் செய்வம்."

இந்த முறை அவர் நாலு பேருக்காக அப்படிச் சொல்லவில்லை.

*

இரண்டாவது தகரமும் கடலில் கரைந்த நேரம், பாயிஸ் பாதையில் நின்றிருந்தான். ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு கிண்ணியாக் கரைக்கும் அக்கரைக்கும் நடுவே போய் வருகிற மிதவையைத்தான் அங்கே பாதை என்பார்கள். ஹாஜியாரின் காரும் அதில் ஏறியிருந்தது. காருக்குப் பக்கத்தில் ஹாஜியார் வெள்ளை உடுப்போடு குடை பிடித்து நின்றார்.

"தூள் போட்டு முடிஞ்சிரிக்கும், என்ன?" என்று கேட்டார்.

"முடிஞ்சிரிக்கும் ஹாஜியார். எல்லாம் வெளிக்கடலுக்குத்தான் போகும்."

பாதை நடுவுக்கு வந்தபோது யாரோ கத்தினார்கள். எல்லோரும் ஒரு பக்கமாய் ஓடிப்போய்ப் பார்த்தார்கள்.

கடல் பக்கத்திலிருந்து பச்சையாய் ஒன்று வந்துகொண்டிருந்தது.

கொட்டியாரக் குடாவையும் உள்ளே இருக்கும் தம்பலகாமக் குடாவையும் இணைக்கிற ஒடுங்கிய கழுத்து அது. அந்தக் கழுத்துக்குள் பச்சை ஒளி நுழைந்தது. வேகம் கூடியது. பாதையை இழுத்தவர்கள் இழுப்பதை நிறுத்தினார்கள். ஒரு மாடு கால் மாற்றி நின்றது. பச்சை பாதைக்கு அடியால் புகுந்து, மறுபக்கத்தால் வெளிப்பட்டு, உள்ளே போனது. ஒரு கிழவர் கையேந்தித் துஆக் கேட்கத் தொடங்கினார்.

பாயிஸுக்கு அது என்னவென்று தெரியும். உள்ளே போகிற ஒவ்வொரு முழப் பச்சையும் தன் வேலையையும் லைலாவையும் இழுத்துக்கொண்டு போகிறது என்றும் தெரியும். கோபம் வர வேண்டும். வரவில்லை. வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். பிறந்ததிலிருந்து இந்த இடத்தைக் கடந்து போகிறான். இவ்வளவு தண்ணீர் இவ்வளவு பலத்தோடு தன் காலடியில் ஊருக்குள் வந்து போவதை ஒரு நாளும் அறிந்ததில்லை. அதை அவன் தங்கச்சி எல்லோருக்கும் காட்டிவிட்டாள்.

"பாயிஸ்" என்றார் ஹாஜியார். "வெளிய போகும் எண்டுதானே சொன்னீங்க?"

 பாயிஸ் பச்சை போகிற திசையைப் பார்த்தான். உள்குடாவின் ஆழமில்லாத பக்கம். கண்ணா என்கிற அலையாத்தி மரங்களுக்கு முன்னால் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று மட்டிச் சிப்பி எடுக்கிற இடம். உம்மாவின் தங்கச்சி சுபைதா சாச்சி அதில்தான் பிள்ளைகளை வளர்க்கிறாள். அவளுடைய புருஷன் மௌத்தாகிப் பல வருடமாகிறது.

பாதை கரை தட்டியதும் அவன் குதித்து ஓடினான்.

*

பச்சைக்குப் பின்னால் லோஞ்ச் மெல்ல வந்தது. மட்டி எடுத்த பெண்கள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு கூக்குரலிட்டார்கள். அவர்களைச் சுற்றித் தண்ணீர் எரிந்தது. சேலை, கூடை, கை எல்லாம் பச்சை.

"ஸல்ஹா! இதென்ன புள்ள? கடலுக்கு என்ன நடந்த?" சுபைதா கூடையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். "நஞ்சா?"

"இல்ல சாச்சி! பயப்படாதீங்க. சாயந்தான்!"

சொன்னால் நம்புகிற நேரம் அல்ல அது. ஸல்ஹா முக்காட்டை இறுக்கிக்கொண்டு லோஞ்சின் பக்கவாட்டால் உடுத்த உடுப்போடு தண்ணீருக்குள் இறங்கினாள். சேற்றில் கால் புதைய நடந்து சாச்சியிடம் போய், இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி முகத்தைக் கழுவினாள். பெண்களின் சத்தம் அடங்கியது. ஒருத்தி விரலை நனைத்துப் பார்த்தாள். இன்னொருத்தி பயத்தை மறந்து சிரித்தாள்.

"எங்க இருந்து வந்த இது?"

"தொழிற்சாலைக் குழாய் வாற இடத்தில போட்டம் சாச்சி."

சுபைதா தன்னைச் சுற்றிப் பார்த்தாள். கூடைக்குள் கிடந்த மட்டிகளையும் பார்த்தாள்.

"அப்ப அந்த ஊத்தத் தண்ணியும் இஞ்சதான் வருமா?"

"ஓம் சாச்சி. இறால் கழுவின தண்ணி, தலை, கோது எல்லாம். இதே வழியால வரும். வந்தா லேசில வெளிய போகாது."

பாயிஸ் முழங்காலளவு தண்ணீரில் வந்து நின்றான். மூச்சு வாங்கியது. அண்ணனும் தங்கச்சியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"நானா, நான் சும்மா இரிக்கத்தான் பாத்தன். ஏலாமப் போச்சு."

"தெரியும்."

"கோவமா?"

"வரும். இப்ப வரல்ல." அவன் குனிந்து கையில் தண்ணீரை அள்ளினான். விரல்களுக்கிடையால் பச்சை ஒழுகியது. "இத நீயா செஞ்ச?"

"தூள் மட்டுந்தான் நான் போட்டது. போன வழி அதிட வழி."

லோஞ்சில் யேசுரட்ணம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். ரயிலைப் பற்றி அவர் பேசவில்லை. "இந்த இடம் சரிவராது" என்று அபூதாஹிரிடம் சொன்னார். "குழாயைத் தூரத்துக்குக் கொண்டுபோக வேணும். இல்லாட்டித் தொழிற்சாலையை வேற இடத்தில கட்ட வேணும். நான் அப்படித்தான் எழுதுவன்."

கரையில் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஹாஜியார் கண்ணா மர நிழல் வரை நடந்து வந்து நின்றார். கத்தவில்லை. அவர் கத்துகிற மனிதர் அல்ல.

"பாயிஸ், கொஞ்சம் இஞ்ச வாங்க."

"சொல்லுங்க ஹாஜியார். கேக்குது."

"இது ஒரு பெரிய விசயமில்ல. வேற கம்பனியக் கூப்பிடலாம். தண்ணி இறங்கிற நேரத்தில மட்டும் ஒருக்காப் பாத்துத் தரச் சொல்லலாம். ஒருத்தரும் பொய் சொல்லத் தேவையில்ல. ஊராக்களோட கதைக்க ஒரு ஆள் வேணும். நீங்க நாளைக்கே வேலைக்கு வாங்க."

பாயிஸ் அசையாமல் நின்றான். காலையில் குசினிக்குள் தான் தங்கச்சியிடம் சொன்ன அதே சொற்கள். இன்னொருவர் வாயால், மட்டிக் கூடையோடு நிற்கிற சாச்சிக்கு முன்னால் கேட்கும்போது, அவை வேறு மாதிரி இருந்தன. முகம் சுட்டது.

 லோஞ்சில் அபூதாஹிர் எஞ்சினை நிறுத்திவிட்டு மகனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்கள் எல்லோரும் அவனைத்தான் பார்த்தார்கள்.

"ஹாஜியார்" என்றான் பாயிஸ். குரல் அவனுக்கே புதிதாயிருந்தது. "எனக்கு வேல தேவதான். இல்லை எண்டு சொல்லமாட்டன். ஆனா அங்க நிழல்ல நிண்டு கேக்காதீங்க. இறங்கி வாங்க. இந்தத் தண்ணிக்குள்ள, எங்கட சாச்சிக்குப் பக்கத்தில நிண்டு, இப்ப சொன்னத இன்னொருக்காச் சொல்லுங்க. பொறகு நான் பதில் சொல்றன்."

மரங்களுக்கிடையே காற்று நின்றிருந்தது. வெயிலில் முழு உள்குடாவும் பச்சையாய் ஒளிர்ந்தது.

முனாப் ஹாஜியார் தன் வெள்ளை உடுப்பைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். குடையை மடக்கி மரத்தில் சாத்தினார். பிறகு மெல்லக் குனிந்து, செருப்பைக் கழற்றத் தொடங்கினார்.